யாழ்ப்பாணத்துக் குளங்கள்: கரையைக் கட்டியாச்சு, அடியைப் பார்த்தோமா?

கீரிமலைக் கேணியில் இறங்கிக் குளித்தவர்களுக்கு அந்த வேடிக்கை தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல். அலை வந்து கல்லில் அடித்துச் சிதறும். இந்தப் பக்கம் கேணிக்குள் நிற்கிற தண்ணீரை வாயில் விட்டால் கடலின் கரிப்பு இல்லை. கேணிக்கு வாய்க்கால் கிடையாது, ஆறு கிடையாது. தரைக்கு அடியிலிருந்து தானாக ஊறி வருகிறது. சிறுவயதில் அதைத் தெய்வச் செயல் என்று சொல்லித் தந்தார்கள், நானும் நம்பினேன். இப்போது கேட்டால், உள்ளூர்ப் பக்கம் எங்கோ ஒரு தோட்டத்திலும் ஒரு குளத்திலும் விழுந்த மாரி மழைதான், சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் மெல்ல மெல்ல நகர்ந்து கடலோரம் வந்து எட்டிப் பார்க்கிறது என்பேன்.

குளங்களைப் பற்றிய கதையைக் கீரிமலையில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் குளம் என்பது தண்ணீரைச் சேமித்து வைக்கும் பாத்திரம் என்று நினைத்துக்கொண்டு அதைத் திருத்தப் போனால், காசு செலவாகும், படம் எடுக்க இடம் கிடைக்கும், கிணறு மட்டும் அப்படியே சவர்த்துக்கொண்டிருக்கும், அதாவது உப்புக் கரித்துக்கொண்டிருக்கும். கடந்த பத்துப் பதினைந்து வருடமாக நகரிலும் ஊர்களிலும் நடக்கிற குளத் திருத்த வேலைகளைப் பார்க்கும்போது எனக்கு மறுபடி மறுபடி தோன்றுவது இதுதான்.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறு என்று ஒன்று இருக்கிறது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலிக் கடலேரியில் போய் விழும். அதுவும் மாரியில் மட்டும்தான் ஆறு, கோடையில் அதன் படுக்கையில் மாடு மேயும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். மிச்ச ஒன்பது மாதத்துக்கும் குடிக்க, குளிக்க, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்க எல்லாவற்றுக்கும் அந்த மூன்று மாதத் தண்ணீர்தான். அதை வைத்துக்கொள்ள மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை. தரை தட்டையாகக் கிடக்கிறது. ஆனால் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே மயோசீன் என்ற பழைய புவியியல் காலத்துச் சுண்ணக்கல் இருக்கிறது. தண்ணீர் பட்டுக் கரைந்து கரைந்து உள்ளுக்குள் பொந்தும் வெடிப்பும் விட்ட கல். எங்கள் நீர்த்தேக்கம் அந்தக் கல்தான்.

அந்தக் கல்லுக்குள் நன்னீர் தனியாக இல்லை. மூன்று பக்கமும் கடலும் கடலேரியும் இருப்பதால் உப்புநீரும் அடியால் உள்ளே வந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, உப்புநீர் கனமானது, ஆகவே நன்னீர் மேலே மிதக்கிறது. தட்டில் விட்ட எண்ணெய் மாதிரி இல்லை, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த ஒரு வில்லை மாதிரி. எவ்வளவு ஆழத்துக்கு அது தொங்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் ஒருவரும், சில வருடம் கழித்து ஜேர்மானியர் ஒருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறி வரும். உடனே ஏறாது, மெல்ல ஏறும், கல்லின் தன்மையைப் பொறுத்துக் கூடிக் குறையவும் செய்யும். ஆனால் ஏறிய உப்பு திரும்பி இறங்க வருடக்கணக்காகும்.

நம்பிக்கை இல்லாதவர்கள் நவக்கிரி நிலாவரைக்குப் போய்ப் பார்க்கலாம். அடி காணாத கிணறு என்று பேர் எடுத்தது. அளந்து பார்த்தார்கள், ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழம். மேலே இருக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர், பயிருக்கு இறைக்கிறார்கள். கீழே போகப் போக உப்பு. புத்தகத்தில் படமாகப் போட்டுக் காட்டுகிற வில்லையைச் சுண்ணக்கல் இடிந்து விழுந்த ஒரு ஓட்டைக்குள்ளால் நேரடியாகப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

எங்கள் அம்மம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பங்குனி பிறந்தால் விடியக்காலை முதல் வாளித் தண்ணீரை ஒரு மிடறு வாயில் விட்டுக் கொஞ்சநேரம் வைத்திருப்பார். துப்பிவிட்டு, "சவர் தட்டுது" என்றால் அன்று முதல் தேத்தண்ணிக்குக் கோயில் கிணற்றில்தான் தண்ணீர். கோயில் கிணறு குளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. குளத்துக்குப் பக்கத்துக் கிணறு ஆடி வரைக்கும் சவர்க்காது என்பதை அவர் காரணம் சொல்லாமலே அறிந்து வைத்திருந்தார்.

இப்போது குளத்துக்கு வருவோம். தமிழில் குளம் என்ற ஒரே சொல்லை வைத்து இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். வன்னியில் குளம் என்றால் அணைக்கட்டு, தண்ணீர் திறக்கிற துருசு, மிஞ்சினது வழிகிற வான், வாய்க்கால், அதற்குக் கீழே வயல். இரணைமடு மாதிரி. தண்ணீரைத் தடுத்து நிறுத்தி வேண்டும்போது திறந்து விடுவது. குடாநாட்டுக் குளம் பெரும்பாலும் அப்படி இல்லை. தரையின் இயல்பான பள்ளம், கொஞ்சம் தோண்டி ஆழப்படுத்தியது. சுற்றியிருக்கிற வெள்ளம் வந்து விழும், அங்கிருந்து கல்லுக்குள் இறங்கும். சில குளங்களில் களி அடி இருப்பதால் தண்ணீர் கோடை வரை நிற்கும், மாடு குளிப்பாட்டுவார்கள், பக்கத்தில் மாடு உடம்பை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் நட்டிருப்பார்கள். ஆனால் பொதுவாகச் சொன்னால் வன்னிக் குளம் பானை, யாழ்ப்பாணத்துக் குளம் புனல், போத்தல் வாயில் வைத்து ஊற்றுகிற அந்தப் புனல். ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தச் சின்னச் சின்னக் குளங்களும் கேணிகளும் குடாநாடெங்கும் சிதறிக் கிடப்பதற்குக் காரணமும் அதுதான். புனல் ஒன்று பெரிதாக இருந்து பயனில்லை, பல இடத்தில் இருக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டைத் திட்டம் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதன் விளைவு சுவாரசியமானது. ஒரு குளத்தை ஒழுங்காகத் தூர்வாரி, அடியில் படிந்த நுண் சேற்றை எடுத்துவிட்டால், அடுத்த மாரியில் விழுந்த தண்ணீர் முன்பைவிட வேகமாக வற்றும். ஊர்ச் சனம் உடனே குறை சொல்லும்: "இவ்வளவு காசு போட்டுக் கிண்டினாங்கள், தையிலயே குளம் காய்ஞ்சு போச்சு." உண்மையில் குளம் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. தண்ணீர் எங்கும் போகவில்லை, பக்கத்துக் கிணறுகளுக்குள் போயிருக்கிறது. ஆனால் கிணற்றுக்குள் போன தண்ணீரை யாரும் படம் எடுப்பதில்லை. நிறைந்து தளும்புகிற குளத்தைத்தான் எடுப்பார்கள். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்க வேண்டும், தாமரை பூக்க வேண்டும், படகு விட வேண்டும் என்று ஆசைப்பட்டால் அடியைக் களி போட்டு இறுக்க வேண்டிவரும். அப்போது அது பார்க்க அழகான தடாகம். புனலின் வாயை அடைத்தாகிவிட்டது.

சரி, ஒரு குளம் எவ்வளவுதான் தரும்? ஒரு ஏக்கர் என்றால் 4,047 சதுர மீற்றர், எங்கள் கணக்கில் 16 பரப்பு. மூன்று ஏக்கர் குளம், இரண்டு மீற்றர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை நிரம்பினால் 24,000 கன மீற்றருக்குக் கொஞ்சம் மேல் கொள்ளும். தாளையடியில் 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி திறந்து வைத்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாளில் தரக்கூடிய அளவும் 24,000 கன மீற்றர்தான். அதாவது மூன்று ஏக்கர் குளம் ஒரு முறை நிரம்பி இறங்குவது அந்த நிலையத்தின் ஒருநாள் வேலைக்குச் சமம். மாரியில் நல்ல குளம் ஒன்று நிரம்பும், இறங்கும், மறுபடி நிரம்பும். ஒரு பகுதி ஆவியாகப் போகும், ஒரு பகுதி கடலுக்குப் போகும், அதையும் கழிக்கத்தான் வேண்டும். கழித்த பிறகும் சில நூறு குளங்களைச் சேர்த்துப் பார்த்தால் சின்னத் தொகை இல்லை. இதைக் கடல்நீர்த் திட்டத்துக்கு எதிரான வாதமாக நான் சொல்லவில்லை. இரணைமடுத் தண்ணீரைக் கொண்டுவருகிற யோசனைக்குக் கிளிநொச்சி விவசாயிகள் காட்டிய எதிர்ப்பு நியாயமானது, நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் தேவை என்பதும் நியாயமானது. கடல்நீரைக் குடிநீராக்க மின்சாரம் வேண்டும், வருடா வருடம் காசு வேண்டும். குளத்துக்குள் தண்ணீர் இறங்க மின்சாரம் தேவையில்லை என்பதை மட்டும் பக்கத்தில் குறித்து வைக்கிறேன்.

இந்தக் குளங்கள் எப்படிக் கெட்டன என்றால் எல்லோரும் யுத்தத்தைக் கைகாட்டுவார்கள். யுத்தம் காரணம்தான். 1995இல் ஊரே எழும்பிப் போனது, உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் கிடந்த குளங்களை இருபது வருடமாக யாரும் கண்ணால் காணவில்லை. ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தில் ஒரு கிணற்றிலிருந்து ஒரு நாளில் எடுக்கக்கூடிய தண்ணீருக்கு மனித உடம்பே வரம்பாக இருந்தது. அறுபதுகளில் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் வந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் இறக்குமதியை மறிக்க, வெங்காயமும் மிளகாயும் தங்க விலை விற்றன. தோட்டக்காரருக்கு அது பொற்காலம். கிணற்றுக்கு அப்படி இல்லை. அதே காலத்தில் மூட்டை மூட்டையாக யூரியா வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் கோடையில் குளத்து வண்டலை வண்டி கட்டி அள்ளித் தோட்டத்துக்குப் பரப்பினார்கள். எருவுக்காக அள்ளினார்கள், குளம் தூர்வாரப்படுவது அதன் பக்க விளைவு. யூரியா வந்ததும் வண்டலுக்குத் தேவை போனது. யாரும் குளத்தை வெறுக்கவில்லை, அள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. முப்பது நாற்பது வருடச் சேறு அடியில் படிந்தது இப்படித்தான்.

2009க்குப் பிறகு நடந்தது வேறு வகை. பாதை திறந்தது, காசு வந்தது, கட்டடம் எழும்பியது. நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறியபோது பள்ளமாகக் கிடக்கிற நிலம் எல்லாமே வெறும் நிலமாகத் தெரிந்தது. குளத்தை நேரடியாக நிரப்பினால் சத்தம் வரும். ஆகவே முதலில் போவது குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வெள்ள வாய்க்கால். அது யாருடைய உறுதியிலும் தெளிவாக இருக்காது, மதில் ஒரு அடி தள்ளிக் கட்டப்படும், அடுத்தவர் இரண்டு அடி தள்ளுவார், பிறகு ஒழுங்கையை அகலமாக்கும்போது மிச்சமும் போய்விடும். குளம் வரைபடத்தில் இருக்கும், எல்லைக் கல்லும் இருக்கும், தண்ணீர் வருகிற வழி இருக்காது. புல்லுக்குளம், பிரப்பங்குளம், வண்ணான்குளம், நாயன்மார்க்கட்டுக் குளம் என்று நகரில் எத்தனை பேர்கள். பஸ்ஸில் போகிறவர் சந்தியின் பேராகவும் வீதியின் பேராகவும் அவற்றைச் சொல்லிக்கொண்டு இறங்குகிறார். குளம் எங்கே என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வாய்க்கால் போனால் குளம் காயும் என்பது பாதிக் கதை. மீதிப் பாதி, அந்தத் தண்ணீர் வீடுகளுக்குள் வரும். 2008இல் நிஷா, 2020இல் புரெவி, 2024இல் பெங்கால் என்று ஒவ்வொரு புயலுக்கும் நகரின் தாழ்ந்த பகுதிகளில் சனம் பாடசாலைகளுக்குப் போய்த் தங்குகிறது. அந்தப் பகுதிகள் ஏன் தாழ்ந்தவை என்று கேட்டால் விடை பெரும்பாலும் அந்த இடத்தின் பேரிலேயே இருக்கும்.

இதற்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது. குளத் திருத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் சொல்ல விரும்பாதது. புனலுக்குள் எதை ஊற்றினாலும் அது கீழே போகும். மணல் நிலத்தில் தண்ணீர் வடிகட்டப்பட்டு இறங்கும். வெடிப்பு விட்ட சுண்ணக்கல் அவ்வளவாக வடிகட்டாது, ஊத்தைத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் ஒரே வேகத்தில் ஓடும். நகரத்தில் வீட்டுக் கழிவுநீருக்கென்று நிலத்தடிக் குழாய் வலையமைப்பு இல்லை. இரண்டு பரப்புக் காணியில் முன்பக்கம் கிணறு, பின்பக்கம் மலசலகூடக் குழி, பக்கத்து வீட்டில் அது மறுவளமாக. கோடையில் குழி கீழே கசியும். மாரியில் நிலத்தடி நீர் ஏறி வந்து குழியைத் தொடும்போது இரண்டும் ஒரே தண்ணீர். கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பதை எண்பதுகளிலிருந்தே ஆய்வுகள் சொல்லி வருகின்றன, தோட்டப் பகுதியில் யூரியாவால், நகரத்தில் குழிகளால். சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்தபோது நாடே பார்த்தது. 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நிலத்துக்குக் கீழே எல்லாம் ஒன்றோடு ஒன்று தொடுத்தது என்பதற்கு அதைவிட விலை கூடிய பாடம் இருக்க முடியாது. ஆகவே கடைத்தெருக் கழிவுவாய்க்கால் வந்து விழுகிற குளம் ஒன்றைத் தூர்வாரி அடியைத் திறந்துவிட்டால் நன்மையா கெடுதலா என்பது நேர்மையான கேள்வி. முதலில் அந்த வாய்க்காலை மறிக்க வேண்டும். அதன் பிறகுதான் மண்வெட்டி.

இந்தப் பின்னணியில் ஆரியகுளத்தைப் பார்க்கலாம். நாக விகாரைக்குப் பக்கத்தில், சந்திக்கே பேர் கொடுத்த குளம். பல வருடமாகப் புல்லும் செடியும் மூடி, பொலித்தீன் பைகளும் போத்தல்களும் மிதக்க, மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிற இடமாக இருந்தது. வி. மணிவண்ணன் மாநகர முதல்வராக இருந்த காலத்தில் தியாகி அறக்கொடை நிலையத்தின் நிதியில் வேலை தொடங்கி, 2021 டிசம்பர் 2ஆம் திகதி 'ஆரியகுளம் மகிழ்வூட்டும் திடல்' என்ற பேரில் திறக்கப்பட்டது. நடைபாதை, இருக்கைகள், விளக்குகள். திறந்த வாரத்தில் போய்ப் பார்த்தேன். பின்னேரம் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சனம் நிறைந்திருந்தது. கச்சான் விற்கிறவர் ஒருவர் தன் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். நகரத்தில் காசு கொடுக்காமல் போய் இருக்கக்கூடிய இடங்கள் அவ்வளவு குறைவு.

இதில் குறை சொல்ல வாய் வரவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஆரியகுளத்தைத் திருத்தியது ஒரு பொது இடத்தை மீட்டது. குளத்தைக் கண்ணால் பார்க்கக்கூடியதாக ஆக்கியது. கண்ணில் படுகிற குளத்தை நிரப்ப எவரும் துணியமாட்டார்கள், அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அதே மாதிரியை எடுத்து ஒவ்வொரு ஊரிலும் சீமெந்துச் சுவர், வண்ணக் கல், கைபிடிக் கம்பி என்று போட்டுக்கொண்டு போவது வேறு கதை. செங்குத்தாகக் கட்டின சுவருக்குள் ஆமை ஏறாது, தவறி விழுந்த மாடும் ஏறாது, கொக்கு நிற்க ஆழமில்லாத ஓரம் இருக்காது. வரும் வெள்ளம் சுவரில் விட்ட ஒரு ஓட்டைக்குள்ளால்தான் வர வேண்டும், அந்த ஓட்டை முதல் மழையிலேயே சருகாலும் போத்தலாலும் அடைபடும். சரிவான மண்கரை, புல், ஓரத்தில் மருதோ இலுப்பையோ நாலு மரம், இவற்றுக்குச் செலவு குறைவு. செலவு குறைவாக இருப்பதுதான் பிரச்சினையோ என்று சில நேரம் சந்தேகப்படுகிறேன்.

உலக வங்கிக் கடனில் நடந்த மூலோபாய நகர அபிவிருத்தித் திட்டமும் நகருக்குள் சில குளங்களையும் வெள்ள வாய்க்கால்களையும் சேர்த்தே எடுத்தது. வாய்க்காலையும் குளத்தையும் ஒரே கோப்பில் வைத்துப் பார்த்தது அதன் நல்ல பக்கம். வெள்ளத்தைக் கூடிய வேகத்தில் கடலேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வாய்க்காலின் வேலை என்று பொறியியல் நினைக்கிற இடத்தில் சிக்கல் வருகிறது. வெள்ளம் வடிய வேண்டும், சரி. ஆனால் கடலுக்குப் போகிற வழியில் குளத்துக்குள் ஒருமுறை நுழைந்து, நிரம்பிய மிச்சம்தான் போக வேண்டும். வாய்க்காலின் அடி மட்டத்தை ஒரு அடி உயர்த்துவதா தாழ்த்துவதா என்ற சின்ன விஷயத்தில் இது முடிவாகிறது. மேற்பார்வையாளர் ஒருவரின் மட்டப்பலகையில்.

தூர்வாருவது சுலபமான வேலை என்று நினைப்பது அடுத்த தவறு. பக்கோ இயந்திரத்தை இறக்கினால் இரண்டு நாளில் குளம் இரண்டு மடங்கு ஆழமாகும். ஆனால் எங்கே நிறுத்துவது? சேற்றை எடுக்க வேண்டும். சேறு முடிந்து இயல்பான மண் வருகிற இடத்தில் நிறுத்த வேண்டும். கடலேரிக்குக் கிட்ட இருக்கிற குளத்தில் அதற்கு மேலும் கிண்டினால் அடியிலிருக்கிற உவர்நீரைத் தொட்டுவிடலாம், மாரி மழை முழுவதும் வந்தாலும் அந்தக் குளம் இனிமேல் இனிக்காது. உள்ளூர்ப் பக்கத்திலும் கோடை நிலத்தடி மட்டத்துக்குக் கீழே கிண்டினால், நிழலில் பத்திரமாக இருந்த நிலத்தடி நீரை வெளியே எடுத்து வெயிலில் வைத்த மாதிரி. சித்திரை வெயில் அதை நாளும் பொழுதும் குடித்துக்கொண்டிருக்கும். ஆவணி, புரட்டாதியில் குளம் காய்ந்து கிடக்கும்போது வேலையைத் தொடங்கி ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும். நிதி ஒதுக்கீடும் கேள்விப்பத்திரமும் முடிந்து ஒப்பந்தக்காரர் வந்து சேர்வது பெரும்பாலும் கார்த்திகையில். நிறைந்த குளத்தின் கரையில் இயந்திரம் தைப்பொங்கல் வரை நிற்கும், வருடக் கடைசிக்குள் காசு செலவழிக்க வேண்டும் என்பதால் அதற்குள் கரைக்குச் சீமெந்து பூசி முடித்திருப்பார்கள். கரை வேலை கூடுவதற்கும் அடி வேலை குறைவதற்கும் பாதிக் காரணம் இந்த நாட்காட்டி என்பது என் ஊகம்.

குளம் யாருடையது என்று கேட்டால் ஒரு நாள் போதாது. வயலுக்குப் பாய்கிற சின்னக் குளம், அதாவது 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் தருவது, கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதற்குக் கையும் காலும் கொடுத்திருக்கிறது, கமக்காரர் அமைப்புக்கும் அதில் இடம் உண்டு. நகர எல்லைக்குள் மாநகர சபை, வெளியே பிரதேச சபை. கோயில் கேணி கோயிலுடையது. நல்லூர் யமுனா ஏரி மாதிரி அரசர் காலத்தது என்றால் தொல்லியல் திணைக்களம் வரும். வயலே இல்லாமல் வீடாகிப்போன ஊரில், ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்த குளம் இன்று யாருடையது என்பதற்குத்தான் விடை சொல்ல ஆள் இல்லை. விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கேட்டால் சபையைக் காட்டுவார், சபை திணைக்களத்தைக் காட்டும். ஒரு ஊரில் நான் கண்டது: குளத்துக்குள் குப்பை போடாதீர்கள் என்று இரண்டு வெவ்வேறு அலுவலகங்களின் பலகைகள், இரண்டுக்கும் நடுவில் குப்பை.

இதற்குள்ளும் வேலை நடக்கிற ஊர்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் நடக்கிறது. கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒருவர் தான் நீந்திய குளம் பற்றையாகக் கிடப்பதைப் பார்த்து மனம் நொந்து போவார். திரும்பிப் போய் ஊர்ச் சங்கத்தில் பேசுவார். கனடாவிலோ இலண்டனிலோ ஒரு இரவு விருந்து, காசு சேரும். ஊரில் சனசமூக நிலையமும் கோயில் பரிபாலன சபையும் சேர்ந்து வேலையை எடுக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமை சிரமதானத்துக்கு நூறு பேர், இரண்டாவது ஞாயிறு நாற்பது, மூன்றாவது ஞாயிறு அதே எட்டுப் பேர். அந்த எட்டுப் பேர்தான் குளம். பேர்ப்பலகையில் கொடுத்தவர்களின் பேர் இருக்கும், இவர்களுடையது இராது. ஆனால் ஐப்பசியில் முதல் மழைக்கு முன் வாய்க்கால் வாயில் அடைந்த தென்னோலையை இழுத்துப் போடுகிறவர்கள் இவர்கள். குளத் திருத்தத்துக்குக் காசு கேட்டால் கிடைக்கிறது. வருடா வருடம் வாய்க்கால் துப்புரவாக்க இருபதாயிரம் ரூபாய் கேட்டால் கிடைப்பதில்லை, திறந்து வைக்க அதில் ஒன்றும் இல்லையே.

பெரிய அளவில் யோசித்தவர்களும் இருந்தார்கள். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் போட்ட திட்டம் ஆனையிறவுக் கடலேரியையே நன்னீராக்கி, அதை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடலேரிக்குக் கொண்டுவருவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் ஐம்பதுகளில் கட்டின தடுப்பணைகள் அந்தச் சிந்தனையின் பகுதிகள். உப்புக் கடலேரியில் மழைநீரைத் தேக்கினால் சுற்றியுள்ள கிணறுகள் இனிக்கும் என்பது அதன் உள்ளுறை. கொஞ்சக் காலம் இனிக்கவும் செய்தன. பிறகு கதவுப் பலகைகள் உக்கின, மாற்ற ஆள் இல்லை, கடல் திரும்பி வந்தது. எழுபது வருடத்துக்குப் பிறகும் அந்தத் திட்டத்தைத் தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிறோம். பலகை உக்கிய கதையைப் பேசுவதில்லை.

குளத்துக்குள் தண்ணீர் இறங்கியதா என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். குளத்திலிருந்து ஐம்பது அடியில் ஒரு கிணறு, முந்நூறு அடியில் ஒரு கிணறு, அரை மைலில் ஒரு கிணறு. மாதம் ஒருமுறை கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து கொப்பியில் எழுத வேண்டும். திருத்துவதற்கு முன் ஒரு வருடம், பின் இரண்டு வருடம். உப்பின் அளவைக் காட்டுகிற பேனை மாதிரிக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதையும் ஒருக்கால் நனைத்துப் பார்க்கலாம். திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுகிற செலவில் பத்தில் ஒரு பங்கு வராது. ஆனால் திருத்தின குளங்களில் எத்தனைக்கு இப்படிக் கொப்பி இருக்கிறது என்று கேட்டுத் திரிந்தேன். ஒரு ஊரில் மட்டும், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உள்ளே போய்ப் பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றை எடுத்து வந்தார். இடதுபக்கம் திகதி, வலதுபக்கம் அடியும் அங்குலமும், ஓரத்தில் சிவப்புப் பேனையால் மழை. பங்குனிக்கு நேரே மூன்று வருடமும் அடுத்தடுத்து இருந்த இலக்கங்களை விரலால் தொட்டுக் காட்டினார். தூர்வாரிய வருடத்துக்குப் பிறகு ஒன்றரை அடி உயர்ந்திருந்தது.

"மழையும் கூடத்தான் பெய்தது," என்று அவரே சொன்னார். "இன்னும் ரெண்டு வருஷம் எழுதிப் பார்ப்பம்."